இடித்துக் காப்பது எப்படி?

பிப்ரவரி 24 திருப்பதிக்குப் பிறந்தநாள். 1130-ஆம் ஆண்டு இதே நாளில் இராமானுசர் கோவிந்தராசப் பெருமாளை நிலைநிறுத்தி, கோயிலைச் சுற்றி ஊரையும் உண்டாக்கினார் என்று கணக்குப் போட்டு, 2022-இல் 892-ஆவது பிறந்தநாள் கொண்டாடினார்கள். மேளதாளம், ஊர்வலம், மாட வீதிகளில் கோலாட்டம், மேடையில் தலைவர்கள். எல்லாம் சரி. ஆனால் தொள்ளாயிரம் வயதை எட்டப் போகிற இந்த ஊருக்குத் தொண்ணூறு வயது வீடு ஒன்று நின்றால் மட்டும் கண்ணை உறுத்துகிறது. ஊர்வலம் போகிற வீதியில் திண்ணையும் ஓட்டுச் சாய்ப்புமாக ஒன்று மிச்சமிருந்தால், “இன்னுமா இதை இடிக்கல?” என்று கேட்பார்கள். கேட்கிறவர் விரோதி இல்லை. சொந்த மைத்துனர்.

அப்படிக் கேட்கப்பட்டு, பதில் தெரியாமல் விழிக்கிறவர்களுக்காகவே இந்த வழிகாட்டி. சித்தூரிலோ திருப்பதியிலோ பாட்டன் கட்டிய வீடு உங்கள் பங்குக்கு வந்திருக்கிறது. அதில் இன்றைய வசதிகள் வேண்டும், இரண்டு அறை கூடுதலாக வேண்டும், காருக்கு இடம் வேண்டும், பாரம்பரியமும் கெடக் கூடாது. ஆசை இவ்வளவுதானே? கவலையை விடுங்கள். இந்த வித்தையில் கரைகண்ட குருமார் நம் பக்கத்திலேயே இருக்கிறார்கள். அவர்கள் போன வழியில் போனால் போதும்.

முதல் பாடம்: வீட்டை ஆபத்தானதாக்குங்கள்.

ஓடு நகர்ந்து ஒழுகினால் உடனே ஆளைக் கூப்பிட்டு மாற்றிவிடாதீர்கள். ஐந்நூறு ரூபாயில் காரியம் முடிந்துவிடும். ஐம்பது லட்சத்துக்கு வழி இருக்காது. நான்கு ஐப்பசி பொறுங்கள். கைப்பிடிச் சுவரில் அரசங்கன்று முளைத்தால் அது தெய்வ சங்கல்பம், பிடுங்கக் கூடாது. அதற்கு நீங்கள் தண்ணீர் ஊற்றவும் வேண்டாம், வடகிழக்குப் பருவமழை ஊற்றும். வேர் இறங்கிச் சுவர் வாய் பிளந்த பிறகு எஞ்சினியரை அழைத்து, “குழந்தைகள் நடமாடுகிற இடம் சார்” என்று சொல்லுங்கள். அவர் எழுதித் தருவார்.

திருமலையில் பார்வேட்டை மண்டபம் என்று ஒன்று இருந்தது. சங்கராந்திக்கு மறுநாள் மலையப்ப சுவாமி வேட்டைக்கு எழுந்தருளுகிற கல்மண்டபம். பழுதாகிவிட்டது என்று சொல்லி 2023-இல் அதைப் பிரித்தார்கள். அந்த இடத்தில் புதிதாக ஒன்றை எழுப்பினார்கள். மண்டபத்தின் சொந்தக்காரர் யார் என்று பாருங்கள்: ஆண்டு வரவுசெலவுத் திட்டம் 5,000 கோடி ரூபாயைத் தாண்டிய தேவஸ்தானம். அவ்வளவு வரும்படி உள்ள வீட்டுக்காரரே, பழுதாகும் வரை பார்த்திருந்து, பழுதாகிவிட்டது என்று காரணம் சொல்லிக் கலைக்கலாம் என்றால், பென்ஷனில் ஓடு மாற்றுகிற நீங்கள் எதற்குக் கூச்சப்பட வேண்டும்?

இரண்டாம் பாடம்: விஷயம் தெரிந்தவரைக் கேட்காதீர்கள்.

தெரிந்தவரைக் கேட்டால், “இது தாங்கும், பழுது பார்க்கலாம்” என்று சொல்லித் தொலைப்பார். பார்வேட்டை மண்டபம் பிரிக்கப்பட்டபோது, தொல்லியல் துறையைக் கேட்டீர்களா என்ற கேள்வி எழுந்தது. அதே ஆண்டு அலிபிரியில் பாதால மண்டபத்தின் மீதும் கண் விழுந்தது. மலையேறப் போகிறவர்கள் பெருமாளின் பாதரட்சைகளைத் தலையில் ஏந்திச் சுற்றி வருகிற மண்டபம் அது. அங்கும் எதிர்ப்பு, அங்கும் அதே கேள்வி. கேட்கத் தேவையே இல்லை என்று வாதிட வழி இருந்தது. ஏனென்றால் திருமலைக் கட்டடங்கள் மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்புப் பட்டியலில் இல்லை.

பட்டியலுக்குள் வருமா என்ற பேச்சு ஒரு முறை எட்டிப் பார்த்தது. 2018 மே மாதம் அந்தத் துறையின் அலுவலகம் ஒன்று, கோயில்களைப் பார்வையிட்டுப் படம் எடுக்க ஒத்துழைக்கும்படி தேவஸ்தானத்துக்குக் கடிதம் எழுதியது. டெல்லி ஏழுமலையானைத் தூக்கிக்கொண்டு போகிறது என்று ஒரே கூச்சல். கடிதம் வந்த சுருக்கில் வாபஸ் ஆனது. இந்த ஊர்க் கல்லை யாரும் வெளியிலிருந்து வந்து காப்பாற்ற விடமாட்டோம். இடிப்பதானால் அது எங்கள் உரிமை.

இங்கிருந்து கொஞ்ச தூரத்தில் சந்திரகிரிக் கோட்டை. அது பட்டியலில் இருக்கிறது. 1958-ஆம் ஆண்டுச் சட்டமும் 2010-ஆம் ஆண்டுத் திருத்தமும் சொல்கிறபடி, பாதுகாக்கப்பட்ட சின்னத்தைச் சுற்றி 100 மீட்டருக்குள் புதுக் கட்டுமானம் கூடாது. அதற்கு அப்பால் 200 மீட்டர் வரை அனுமதியோடுதான் எதுவும். அந்த எல்லைக்குள் ஒருவருக்கு இரண்டு அறை வீடு இருக்கிறது, மகனுக்குக் கல்யாணம் ஆகப் போகிறது, ஒரு அறை கூட்டிக் கட்ட வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். முடியாது. இருக்கிற சுவரைச் செப்பனிடவும் மனுப் போட்டுக் காத்திருக்க வேண்டும். கோட்டை நிற்க வேண்டும் என்பதற்காக அவர் பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும். அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் கோழிக்கூடு கட்டுகிறவனை டேப் வைத்து அளந்து பிடிக்கிற தேசத்தில், ஐந்நூறு ஆண்டு மண்டபத்தைப் பிரிக்கிறவர்களை ஏன் என்று கேட்க ஒரு காகிதம் இல்லை.

அந்தச் சந்திரகிரி ராஜமகாலையும் ஒரு முறை போய்ப் பார்த்துவிடுங்கள். மூன்று அடுக்கு, கல், செங்கல், சுண்ணாம்பு, மரத்துண்டு இல்லாத கட்டுமானம். தலைக்கோட்டைத் தோல்விக்குப் பிறகு விஜயநகர அரசு தேய்ந்து தேய்ந்து வந்து ஒதுங்கிய இடம். 1639-இல் வெள்ளைக்காரனுக்குச் சென்னைக் கடற்கரையைத் தந்த கதையில் வருகிற அரண்மனை. இன்றும் அசையாமல் நிற்கிறது. காரணம், அதில் யாரும் குடியிருக்கவில்லை. ராயரின் வாரிசுகள் உள்ளே இருந்திருந்தால் எப்போதோ மேல்மாடத்தைத் தட்டிவிட்டு லிஃப்ட் வைத்திருப்பார்கள்.

மூன்றாம் பாடம்: வாஸ்து.

எஞ்சினியர் இடிக்கச் சொல்லவில்லை என்றால் சித்தாந்தியைக் கூப்பிடுங்கள். நடு முற்றத்தில் நின்று, நான்கு புறமும் பார்த்து, நாக்கைத் தட்டுவார். “ஈசானியம் அடைபட்டுக் கிடக்குது சாமி. அதான் பெரியவருக்கு மூட்டுவலி.” பெரியவருக்கு எண்பத்து நான்கு வயது என்பதை யாரும் நினைவூட்டக் கூடாது. அந்த மூலையில் நான்கு தலைமுறை பிறந்து, படித்து, கலெக்டர் ஆபீஸில் வேலை பார்த்து, பேரன் பேத்தி எடுத்திருக்கிறது என்பதும் கணக்கில் வராது. அவர் சொல்லும் பரிகாரம் எதுவானாலும் அதில் ஒரு சுவர் விழும். விளக்கேற்றினால் போதும் என்று சொன்ன சித்தாந்தியை இந்த மாவட்டம் இன்னும் கண்டதில்லை.

வெட்கப்பட வேண்டியதில்லை, பெரிய இடத்திலேயே நடப்பதுதான். ஹைதராபாத்தில் வாஸ்து சரியில்லை என்ற பேச்சு ஆண்டுக்கணக்கில் அடிபட்டு, 2020-இல் பழைய தலைமைச் செயலகத்தை மொத்தமாக இடித்தார்கள். அதற்குள் நிஜாம் காலத்து சைஃபாபாத் மாளிகையும் இருந்தது, அதுவும் தூளானது. 2023-இல் புதிய செயலகம் திறந்தார்கள். திறந்தவர்கள் அந்த ஆண்டு இறுதித் தேர்தலிலேயே தோற்றார்கள். ஈசானியம் என்ன ஆயிற்று என்று எந்தச் சித்தாந்தியும் விளக்கவில்லை. இந்தப் பக்கம் ஆந்திராவில் 2019-இல் ஒரு முதல்வர், தனக்கு முந்தியவர் கட்டிய பிரஜா வேதிகையில் கலெக்டர்களை உட்காரவைத்துக் கூட்டம் நடத்தினார். இந்தக் கட்டடத்தில் இதுதான் கடைசிக் கூட்டம் என்று அதே மேடையில் அறிவித்தார். கூட்டம் முடிந்ததும் இடித்தார். விதி மீறிய கட்டடம் என்பது காரணம். விதியை மீறிய கட்டடம் மாநிலத்தில் அது ஒன்றுதான் போலும். வேறு எதில் ஒத்துப்போகாவிட்டாலும் புல்டோசர் விஷயத்தில் கட்சி பேதம் கிடையாது.

நான்காம் பாடம்: முதலில் இடியுங்கள், யோசனை பிறகு.

இதுதான் மூல மந்திரம். இதை உபதேசித்த இடம் திருமலையேதான். கோயிலுக்கு எதிரே ஆயிரங்கால் மண்டபம் இருந்தது. 15-ஆம் நூற்றாண்டு, சாளுவர் காலத்துக் கல்வேலை. கூட்டம் பெருகுகிறது, இடம் வேண்டும் என்று மாஸ்டர் பிளான் போட்டார்கள். 2003-இல் மண்டபத்தைக் கலைத்தார்கள். சின்ன ஜீயர் சுவாமி எதிர்த்துப் போராடினார், பக்தர்கள் குமுறினார்கள், கோர்ட்டு வரை போனது. அதற்குப் பிறகு வந்த ஆட்சிகளில் திரும்பக் கட்டுவோம் என்ற பேச்சு எத்தனையோ முறை எழுந்து எழுந்து அடங்கியது. இருபது ஆண்டுக்கு மேல் ஆகிவிட்டது. மண்டபம் நின்ற இடத்தில் மண்டபம் இல்லை.

மண்டபத்தோடு போனது கல் மட்டும் இல்லை. சன்னதி வீதியிலும் மாட வீதிகளிலும் தலைமுறை தலைமுறையாகக் குடியிருந்தவர்களின் வீடுகள், கடைகள், மடங்கள் எல்லாம் மாஸ்டர் பிளானின் வரைபடத்தில் வெற்றிடமாயின. குடியிருந்தவர்களை மலையிலேயே பாலாஜி நகருக்கும் மலைக்குக் கீழும் அனுப்பினார்கள். ஆயிரம் தூண் நிழல் தந்த இடத்துக்குப் பக்கத்தில் இன்று சித்திரை வெயிலில் கருங்கல் தளம் கொதிக்கிறது. பக்தர்களின் கால் வெந்து போகாமலிருக்கத் தரைக்கு வெள்ளைக் கூலிங் பெயின்ட் அடிக்கிறார்கள், பந்தல் போடுகிறார்கள், மேட் விரித்துத் தண்ணீர் தெளிக்கிறார்கள். நிழலை இடித்துவிட்டு, அதற்குப் பதிலாக ஆண்டுதோறும் டெண்டர் விடுகிறார்கள். இதற்குப் பெயர் நவீன வசதி.

ஐந்தாம் பாடம்: மேஸ்திரி சொல்வதை மட்டும் நம்புங்கள்.

சித்தூர் 1911 வரை வடாற்காடு மாவட்டத்தின் தலைநகர். கோர்ட்டும் கச்சேரியும் இருந்த ஊர். பின்னாளில் மக்களவைத் தலைவரான அனந்தசயனம் ஐயங்கார் வக்கீலாகத் தொழில் பார்த்த ஊர். அந்தக் காலத்து வக்கீல் வீடுகளில் ஒன்று உங்களுடையது என்று வைத்துக்கொள்வோம். மேஸ்திரி கூரையை அண்ணாந்து பார்ப்பார். “இது மண்ணு கூர சாமி. தாங்காது. ஸ்லாப் போட்டுரலாம்.”

அவர் மண் கூரை என்று சொன்னது மெட்ராஸ் டெரஸ். தேக்கு உத்தரம். அதன்மேல் சாண் இடைவெளியில் தேக்குச் சட்டங்கள். சட்டத்துக்குச் சட்டம் மெல்லிய செங்கல்லை நிமிர்த்தி, மூலைவாட்டில் சாய்த்து, சுண்ணாம்புச் சாந்தில் வரிசை வரிசையாகக் கோத்துப் போவார்கள். முட்டுப் பலகை வேண்டாம். போட்ட வரிசை அடுத்த வரிசையைத் தாங்கும். அது இறுகியதும் செங்கல் ஜல்லியையும் சுண்ணாம்பையும் கலந்து பரப்புவார்கள். பிறகு பெண்கள் வரிசையாகக் குந்தி உட்கார்ந்து மரக்கட்டையால் தட்டத் தொடங்குவார்கள். கடுக்காய் ஊறவைத்த தண்ணீர், வெல்லத் தண்ணீர் தெளித்துத் தெளித்துத் தட்டுவார்கள், பாட்டுப் பாடித் தட்டுவார்கள், நாள்கணக்கில் தட்டுவார்கள். கட்டை பட்ட இடத்தில் தடம் விழாமல் திருப்பி எறிகிற வரைக்கும் தட்டுவார்கள். கடைசியில் தட்டோடு பதித்து, சந்துக்குச் சந்து மெழுகி முடிப்பார்கள். வைகாசி வெயிலில் கீழே பாய் விரித்துப் படுத்தால் மேலே வெயில் இருப்பதே தெரியாது.

தாங்காது என்று மேஸ்திரி சொன்ன இந்தக் கூரையை உடைக்க அவரே பிரேக்கர் மிஷினை வாடகைக்கு எடுத்துவருவார். ஒரு நாள் வேலை என்பார். முதல் நாள் ஒரு மூலைகூடப் போகாது. “பழைய காலத்து வேலை சாமி, கெட்டி” என்று அவரே வியர்வையைத் துடைத்துக்கொண்டு பாராட்டுவார். முந்தின வாரம் அவரே சொன்னதை நீங்கள் ஞாபகப்படுத்தக் கூடாது. அட்வான்ஸ் கொடுத்தாகிவிட்டது.

அடுத்தது சுவர். சுண்ணாம்புச் சுவர் தரையிலிருந்து ஈரத்தை இழுக்கும்; இழுத்ததைக் காற்றில் விட்டு உலர்ந்துகொள்ளும். அதன்மேல் சிமென்ட் பூசினால் ஈரம் வெளியே போக வழியில்லாமல் சுவருக்குள்ளேயே மேலேறும். உப்புப் பூக்கும். இரண்டாவது மழைக்காலத்தில் இடுப்பு உயரத்துக்குப் பெயின்ட் கொப்பளித்து உதிரும். உடனே பட்டி பார்த்து, அதன்மேல் ஈரம் புகாத பெயின்ட் அடியுங்கள், சுவர் இன்னும் சீக்கிரம் செத்துப்போகும். அப்போது, “பழைய வீடுன்னா இப்படித்தான்” என்று சொல்ல உங்களுக்கு முழு உரிமை வந்துவிடும்.

முற்றத்தை விட்டுவிடாதீர்கள். வீட்டின் சூடெல்லாம் வெளியேறுகிற ஓட்டை அது. அதன்மேல் பிளாஸ்டிக் ஷீட் போட்டு மூடி, கீழே சோபா போட்டால் ஒரு ஹால் கிடைக்கும். ஹாலுக்குள் நிற்க முடியாது, புழுங்கும். அதனால் என்ன, ஏசி இருக்கிறதே. ஏப்ரலில் 40 டிகிரியைத் தாண்டுகிற ஊரில், மின்சாரம் கண்டுபிடிக்காத காலத்தில் ஒருவன் மின்சாரமே இல்லாமல் தீர்த்த பிரச்சினையை மறுபடி உண்டாக்கி, மாதம் ஆறாயிரம் ரூபாய் பில் கட்டி நாம் தீர்த்துக்கொள்ளலாம்.

தரையில் கடப்பா கல் இருக்கும். பக்கத்து மாவட்டத்திலிருந்து மாட்டு வண்டியில் வந்த கல். நான்கு தலைமுறைக் கால் பட்டு, எண்ணெய் தேய்த்தது போல் கறுத்து மின்னும். பெயர்த்து வாசலில் போடுங்கள், லாரிக்காரர் இலவசமாக எடுத்துப் போவார். அதற்குப் பதில் குஜராத்தின் மோர்பியிலிருந்து வருகிற பளபளப்பு டைல்ஸ். ஈரக்காலோடு பாட்டி வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறித்துக்கொண்டால், இந்தப் பக்கத்தில் மருத்துவமனைக்குக் குறைவா?

ஆறாம் பாடம்: விதியை மீறுங்கள், ரசீது வாங்குங்கள்.

பழைய வீட்டுக்குப் பின்னால் கொல்லை இருக்கும். ஒரு பக்கம் நடை விட்டு, காற்று வர இடம் விட்டுக் கட்டியிருப்பார்கள். அதை முழுக்க நிரப்புங்கள். இரண்டு மாடிக்கு அனுமதி வாங்கி நான்கு மாடி எழுப்புங்கள். நகராட்சிக்காரர் வந்து சிவப்பு மையில் கோடு போட்டால் பதற வேண்டாம். பி.பி.எஸ் என்று ஒரு புண்ணிய தீர்த்தம் இருக்கிறது. 2007-இல் தொடங்கி 2025 வரை ஆந்திரத்தில் ஆட்சி மாற மாற, அனுமதியில்லாக் கட்டடங்களை அபராதம் வாங்கிக்கொண்டு முறைப்படுத்துகிற இந்தத் திட்டம் திரும்பத் திரும்ப வந்திருக்கிறது. சந்திரகிரியில் ஒரு அறைக்கு மனுப் போட்டவர் வரிசையில் நிற்பார். விதிப்படி கட்டியவர் ஏமாளி. மீறியவர் பணத்தைக் கட்டிவிட்டுச் சான்றிதழோடு வெளியே வருவார்.

ஏழாம் பாடம்: பாரம்பரியத்தை விலைக்கு வாங்குங்கள்.

வீட்டைக் காலி செய்யும்போது தேக்குக் கதவு, நிலை, தூண், ஊஞ்சல் பலகை எல்லாவற்றையும் வாங்க ஆள் வருவார். சில ஆயிரங்கள் தருவார். அந்தச் சாமான் கை மாறி கை மாறி, காரைக்குடிக் கடைகளிலோ கிழக்குக் கடற்கரைச் சாலைக் கடைகளிலோ போய் நிற்கும். அங்கே அதற்குப் பெயர் ஆன்டிக். பிறகு நீங்கள் கட்டிய புது வீட்டைப் பார்க்க இன்டீரியர் பையன் வருவான். “அங்கிள், ஹால்ல ஒரு ஹெரிடேஜ் லுக் கொடுக்கலாம்” என்பான். மூன்று லட்சத்துக்கு ஒரு கதவைக் கொண்டுவந்து சுவரில் சாய்த்துவைப்பான். திறக்காத கதவு; அதற்குப் பின்னால் அறை இல்லை, சுவர்தான். அதன் குமிழில் உங்கள் பாட்டி மஞ்சள் பூசிய கறை இருந்தாலும் ஆச்சரியப்படாதீர்கள்.

வாசல் முகப்புக்குக் கிரானைட் ஒட்டுங்கள். குப்பம் பக்கம் மலை மலையாக அறுக்கிறார்கள். பாட்டன் காலத்துக் கல்தூணைத் தூக்கி எறிந்துவிட்டு, அதே மாவட்டத்தில் புதிதாக ஒரு குன்றை அறுத்து, மெருகேற்றி, பசை வைத்து ஒட்டிக்கொள்வதற்குப் பெயர் எலிவேஷன்.

வழிகாட்டி இத்தோடு போதும். இதற்கு மேல் இந்தக் குரலில் எழுத எனக்குப் பொறுமை இல்லை.

பழைய வீட்டில் இருப்பவர்களைக் குற்றம் சொல்ல நான் இதை எழுதவில்லை. ராத்திரி இரண்டு மணிக்குக் கொல்லைப்புறக் கழிவறைக்குத் தட்டுத் தடுமாறிப் போகிற எழுபது வயது அம்மாவுக்குப் படுக்கை அறையை ஒட்டி ஒரு கழிவறை வேண்டும். அது ஆடம்பரம் இல்லை. குனிந்து குனிந்து அடுப்பெரித்த சமையலறையில் நின்று சமைக்க மேடை வேண்டும். அந்த இருட்டு அறையில் மூன்று தலைமுறைப் பெண்களின் கண் போனது; பாரம்பரியம் என்று அதைக் கும்பிட முடியாது. தீட்டு என்று பெண்களை ஒதுக்கி உட்காரவைத்த அந்தப் பின்கட்டு அறையையும், இன்னின்னார் இந்தப் படி தாண்டக் கூடாது என்று திண்ணையோடு நிறுத்திய வழக்கத்தையும் இடிப்பதானால் முதல் கடப்பாரை நான் போடுகிறேன். என்ன வேடிக்கை என்றால், சுவரை இடித்தவர்கள் அந்த வழக்கத்தை மட்டும் பத்திரமாகப் புது ஃபிளாட்டுக்கு எடுத்துப் போனார்கள். வேலைக்கு வரும் அம்மாவுக்குத் தனி டம்ளரும், அவர் ஏறக் கூடாத லிஃப்டும் இருக்கிற அடுக்குமாடியைத்தான் நவீன வாழ்க்கை என்கிறார்கள்.

கழிவறை கட்ட வீட்டைக் கொல்ல வேண்டியதில்லை. பின்கட்டில் பாரம் ஏறாத இலேசான சுவர் எழுப்பி, குழாயைப் பழைய சுவருக்குள் புதைக்காமல் வெளியே கொண்டுபோனால் அம்மாவின் பிரச்சினை தீர்ந்தது. சுண்ணாம்புச் சுவர் உதிர்ந்தால் சுண்ணாம்பே பூச வேண்டும். செல்லரித்த சட்டம் இரண்டு என்றால் இரண்டை மாற்ற வேண்டும், கூரையை அல்ல. மாடி வேண்டுமானால் பழைய சுவர்மேல் ஏற்றாமல் கொல்லைப் பக்கம் தனித் தூணில் எழுப்பலாம். மதனப்பள்ளியில் 1895-இல் ஜே.கிருஷ்ணமூர்த்தி பிறந்த எளிய வீட்டை அவர் பெயரிலான அறக்கட்டளை காப்பாற்றி, படிப்பு மையமாக உயிரோடு வைத்திருக்கிறது. சென்னைக்குத் தெற்கே முட்டுக்காட்டில் தட்சிணசித்ராவில் நான்கு மாநில வீடுகளைப் பிரித்துக் கொண்டுவந்து மறுபடி பொருத்தி நிறுத்தினார்கள். இவை ராக்கெட் விஞ்ஞானம் அல்ல. பிரிக்கத் தெரிந்தவனுக்குப் பொருத்தவும் தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

ஆனால் சுண்ணாம்பு குழைக்கத் தெரிந்த மேஸ்திரி எங்கே? அவர் மகன் ஸ்லாப் போடப் போய்விட்டான். அதில்தான் கூலி இருக்கிறது. வங்கிக்குப் போனால் புது ஃபிளாட்டுக்குக் கடன் கொடுக்கச் சிவப்புக் கம்பளம் விரிப்பார்கள். தொண்ணூறு வயது வீட்டைச் செப்பனிட வேண்டும் என்றால், கட்டடத்தின் மிச்ச ஆயுள் எவ்வளவு என்று கேட்பார்கள். 2016-இல் ஸ்மார்ட் சிட்டியாகத் தேர்வான திருப்பதிக்கு மேம்பாலம் வந்தது, மாஸ்டர் பிளான் சாலைகள் வந்தன. பாலம் கட்டட்டும், சாலை போடட்டும். அந்தப் பணத்தில் ஒரு துளியை ஒதுக்கி, மாட வீதியின் பழைய வீடுகளை ஒரு பட்டியலாக எழுதி, ஒழுகுகிற கூரைக்கு உதவித் தொகை என்று ஒன்றை அறிவித்திருந்தால் என்ன குறைந்துபோயிருக்கும்? பெரிய வீட்டுக்காரர் மலைமேல் எதைச் செய்கிறாரோ அதைத்தான் சின்ன வீட்டுக்காரர் அடிவாரத்தில் செய்வார். ஆயிரங்கால் மண்டபமே போகலாம் என்று கண்ணால் கண்டவனிடம் போய், எட்டுத் தூண் திண்ணையைக் காப்பாற்று என்று எந்த வாயால் சொல்வது?

பழையதைத் தொடவே கூடாது என்று நம் முன்னோர் ஒருபோதும் சொன்னதில்லை. திருமலைக் கோயிலே திருப்பணி திருப்பணியாக வளர்ந்த கோயில். 13-ஆம் நூற்றாண்டில் யாதவராயர் ஆட்சியில் திருப்புல்லாணி தாசர் என்பவர் அங்கே திருப்பணி மேற்கொண்டார். பழைய சுவர்களில் கல்வெட்டுகள் இருந்தன. சுவரைப் பிரித்தால் அவை போய்விடும். அதனால் அரசனிடம் அனுமதி பெற்று, பழைய கல்வெட்டுகளைப் படி எடுத்துப் புதிய சுவரில் மறுபடி வெட்டிவைத்தார்கள். பல்லவ அரசி சாமவை தந்த கொடையை நாம் இன்று படிக்க முடிகிறதென்றால் அந்த ஒரு காரியத்தால்தான். திருமலை, திருப்பதிக் கல்வெட்டுகளில் பெரும்பாலானவை தமிழில் இருக்கின்றன. சுவரை மாற்றினாலும் அதில் எழுதியிருந்ததை அவர்கள் விடவில்லை. ஜேசிபி இல்லாத, கேமரா இல்லாத, 5,000 கோடி இல்லாத காலத்தில், உளியும் பொறுமையும் மட்டும் வைத்திருந்தவர்களுக்கு இது தோன்றியது. புதுமையை எதிர்த்தா அவர்கள் இதைச் செய்தார்கள்? புதுச் சுவரைக் கட்டியவர்களே அவர்கள்தானே!

ஆகவே ஒரே ஒரு கோரிக்கை. தானம் கொடுத்தவர் பெயரைக் கல்லில் வெட்டுகிற வழக்கம் நமக்கு உண்டு. டியூப் லைட் கொடுத்தவர் பெயரைக்கூட அதன்மேல் எழுதுகிறோம். இனி இடித்தவர் பெயரையும் வெட்டுவோம். மண்டபமானாலும் சத்திரமானாலும் அது நின்ற இடத்தில் ஒரு கல் நடுவோம். இன்ன ஆண்டு கட்டியது, இன்ன ஆண்டு இடித்தது, உத்தரவிட்ட அதிகாரி இன்னார், கையெழுத்திட்ட அமைச்சர் இன்னார், கான்ட்ராக்ட் எடுத்தவர் இன்னார், தொகை இவ்வளவு என்று தமிழிலும் தெலுங்கிலும் ஆழமாக வெட்டுவோம். பழைய சாசனங்களின் முறைப்படி கடைசி வரியில், இந்தத் தர்மத்துக்கு அழிவு செய்தவன் கங்கைக் கரையில் காராம்பசுவைக் கொன்ற பாவத்தில் போவான் என்றும் சேர்ப்போம்.

அவர்கள் அசரமாட்டார்கள் என்பது எனக்குத் தெரியும். அந்தப் பாவத்துக்கும் ஒரு பி.பி.எஸ் அறிவித்து, அபராதத்தைக் கட்டி, ரசீதை வாங்கி ஃபைலில் வைத்துக்கொள்வார்கள்.